போனில் எழுதும் சந்தாக் கணக்கை டேட்டா இல்லாமல் லேப்டாப்புக்குக் கொண்டுபோக வழி உண்டா?

மஸ்கெலியாப் பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் சந்தாக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாக (தோட்டத்து வரிசை வீடுகள்) போய், காசு வாங்கும் இடத்திலேயே போனில் பதிந்துவிடுவேன். பெயர், லய இலக்கம், தொகை, அதோடு துண்டுச் சீட்டின் படம். பொருளாளர் அண்ணனிடம் சங்கத்து லேப்டாப் இருக்கிறது, விண்டோஸ் 10. கணக்கு அதில் ஏறினால்தான் கூட்டத்துக்கு பிரிண்ட் எடுக்கலாம்.

போனை வயரில் குத்தினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது. இன்னொருவரின் வயரில் போன் தெரிந்தது, ஆனால் அன்று காலையில் பதிந்த ஃபைலைக் காணோம், பழையவை மட்டும் இருந்தன. கூகுள் டிரைவில் போடச் சொல்கிறார்கள். இங்கே கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் கவரேஜ், மழை நாளில் அங்கேயும் இல்லை. என் ரீலோட் காசைச் சங்கத்திடம் கேட்கவும் முடியாது. இன்டர்நெட் இல்லாமல், ஒவ்வொரு முறையும் கொப்பி பண்ணாமல், தானாகப் போய்ச் சேருமா?

இன்னொன்று, அதை எக்ஸெலில் திறந்தால் தமிழ்ப் பெயரெல்லாம் புரியாத குறிகளாக வருகிறது. ஃபைல் சிஎஸ்வி, அதாவது பட்டியலை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் வகை.

அட்டன் ரிப்பேர் கடை:
தங்கச்சி, முதலில் அந்த வயரை ஓரமாகப் போடுங்கள். மலிவு வயர் சிலவற்றை வெட்டிப் பார்த்தால் சிவப்பு, கறுப்பு என இரண்டு கம்பிதான் இருக்கும். அது கரண்டுக்கு. தரவு போகிற பச்சையும் வெள்ளையும் உள்ளேயே இருக்காது. அதை வைத்துக்கொண்டு எந்த செட்டிங்கை மாற்றினாலும் பலன் இல்லை.

நல்ல வயரைக் குத்திய பிறகும் போன் சார்ஜ் மட்டும்தான் என்று நிற்கும். திரையை மேலிருந்து இழுத்து, யூஎஸ்பி என்று வரும் அறிவிப்பைத் தொட்டு, ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தெரிவு செய்யுங்கள். காலையில் பதிந்த ஃபைல் எங்கேயும் போகவில்லை. லேப்டாப் உங்கள் போனின் நினைவகத்தை நேராகப் பார்ப்பதில்லை, போன் எழுதி வைத்திருக்கும் பட்டியலைத்தான் பார்க்கிறது. புது ஃபைல் அந்தப் பட்டியலில் ஏறச் சிலநேரம் சுணங்கும். போனை ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் தெரியும்.

பண்டாரவளை சேர்:
வயர் விஷயம் சரி. ஆனால் பிள்ளை கேட்டது தானாகப் போகிற வழியை, வயரில் அது நடக்காது.

சின்க்திங் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, 2013 முதல் வருகிறது. ஒரே வைஃபையில் போனும் லேப்டாப்பும் இருந்தால் போதும், ஒன்றையொன்று தேடிப் பிடித்து ஃபோல்டரைச் சமமாக்கிக்கொள்ளும். இன்டர்நெட் தேவையில்லை. நடுவில் யாருடைய சேர்வரும் இல்லாததால் சனங்களின் பெயரும் காசும் வெளியே போகாது, சங்கக் கணக்குக்கு அது முக்கியம். போனுக்கான மூல ஆப்பை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். சின்க்திங்-ஃபோர்க் என்ற பெயரில் வருவதைப் போடுங்கள். போனுக்கானதையும் லேப்டாப்புக்கானதையும் டவுனுக்குப் போகும்போது இறக்கிக்கொண்டால் போதும்.

சிம்முக்குக் காசு போடாத பழைய ரவுட்டர் இருந்தாலும் பரவாயில்லை. கரண்ட் கொடுத்தால் வைஃபை எழும், அது போதும்.

அப்புறம், கணக்கை எந்த ஆப்பில் எழுதுகிறீர்கள்? ஆப்பின் சொந்த ஃபோல்டருக்குள் கிடந்தால், அண்ட்ராய்டு 11 முதல் வேறு ஆப் அதைத் தொட முடியாது. டாக்யுமென்ட்ஸுக்குள் ஒரு ஃபோல்டர் போட்டு, அதில் சேமியுங்கள்.

மஸ்கெலியாப் பிள்ளை:
சேர், இரண்டிலும் போட்டாச்சு. லேப்டாப் காட்டிய கட்டம் கட்டமான குறியைப் போனால் ஸ்கேன் பண்ணினேன், ஃபோல்டரையும் பகிர்ந்தேன். பொருளாளர் அண்ணன் வீட்டு ரவுட்டரில்தான் இரண்டும் இருக்கின்றன. ஆனாலும் இணைக்கப்படவில்லை என்றே இரண்டிலும் நிற்கிறது.

பண்டாரவளை சேர்:
ரவுட்டரில் இன்டர்நெட் இல்லை என்று கண்டதும் போன் மெதுவாக மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும். டேட்டாவை அணைத்துவிட்டு மறுபடி வைஃபையில் சேருங்கள். இன்டர்நெட் இல்லை, தொடர்ந்து இருக்கவா என்று கேட்டால் ஆம் என்று கொடுங்கள். லேப்டாப் பக்கம், அந்த வைஃபையை விண்டோஸ் பப்ளிக் என்று வைத்திருந்தால் ஃபயர்வோல் மறித்துவிடும். அதன் ப்ராப்பர்டீஸில் பிரைவேட் என்று மாற்றுங்கள். கெஸ்ட் என்று தனிப் பெயரில் வரும் வைஃபையில் சேராதீர்கள், பெரும்பாலும் அதில் ஒரு கருவிக்கு மற்றது தெரியாது.

மஸ்கெலியாப் பிள்ளை:
பிரைவேட் ஆக்கியதும் பச்சையாகிவிட்டது! படங்களும் வந்துவிட்டன. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். இனி லேப்டாப்பிலேயே திருத்துவேன் என்கிறார். அது போனுக்கும் வருமா?

அட்டன் ரிப்பேர் கடை:
வருமே, இரண்டு பக்கமும் போகத்தானே போட்டது.

பண்டாரவளை சேர்:
வரும், அதுதான் பயம். நீங்கள் லயத்தில் நின்று எழுதும்போதே அவர் வீட்டில் திருத்தினால், அடுத்த முறை சந்திக்கும்போது சின்க்திங் இரண்டையும் ஒன்றாகக் கலக்காது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொன்ஃப்ளிக்ட் என்ற பெயரோடு தனி ஃபைலாகப் போடும். எது சரி என்று கூட்டத்தில் யார் நின்று விளக்குவது?

போனில் அனுப்ப மட்டும், லேப்டாப்பில் வாங்க மட்டும் என்று வையுங்கள். அண்ணன் திருத்த வேண்டியதை வேறு ஃபைலில் எழுதித் தரட்டும். லேப்டாப்பில் அந்த ஃபோல்டருக்குப் பழைய பிரதிகளை வைத்திருக்கும் வசதியையும் போட்டுவிடுங்கள். எளிய வகையைத் தெரிவு செய்தால் சாதாரணமாக 5 பிரதி இருக்கும். போனில் ஒரு ஃபைல் அழிந்தால் லேப்டாப்பிலும் அழியும் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

வெளிமடை அக்கா:
தமிழ்ப் பெயர் விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ஃபைலை இரட்டைக் கிளிக்கில் திறக்காதே தங்கச்சி. எக்ஸெலை வெறுமையாகத் திறந்து, டேட்டா பக்கத்தில் டெக்ஸ்ட்/சிஎஸ்வி என்பதன் வழியாக உள்ளே எடு. எழுத்து வகை கேட்கும் இடத்தில் 65001, யூடிஎஃப்-8 என்பதைத் தெரிவு செய். பெயரெல்லாம் ஒழுங்காக வரும். குறிகளாகத் தெரியும்போது மட்டும் யாரும் சேவ் அமுக்க வேண்டாம், அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு.

மஸ்கெலியாப் பிள்ளை:
அக்கா, பெயரெல்லாம் வந்துவிட்டது. சேர், கடை அண்ணே, நன்றி. போன் திரை அணைந்ததும் சின்க்திங் நின்றுவிடுகிறதே, அதற்கு?

அட்டன் ரிப்பேர் கடை:
செட்டிங்கில் பேட்டரிக்குப் போய் அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை என்று வையுங்கள். அப்படியும் நின்றால் போன் மொடல் என்னவென்று எழுதுங்கள், சில போனில் அந்த செட்டிங்கை வேறு இடத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள்.