12,000 ரூபாய்க்குள் கிராஃபிக்ஸ் கார்டு: பழைய 580 எடுக்கலாமா, புதிதாக வேறு பார்க்கலாமா?

ஜீவா ஸ்டேஷன்

வடசென்னை வியாசர்பாடிதான் நமக்கு. வீட்டில் ஒரு டெல் ஆப்டிபிளெக்ஸ் டவர் இருக்கிறது, ஏதோ ஆபீஸில் ஓடிக் கழித்ததை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எடுத்தோம். ஐ5 6500 ப்ராசஸர், 8 ஜிபி ராம் (ஒரே ஸ்டிக்), 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. மானிட்டர் சாதாரண 1080பி, 60 ஹெர்ட்ஸ். தம்பியின் காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு என்று சொல்லித்தான் அப்பாவிடம் காசு வாங்கினோம், இப்போது அதில் வாலரன்ட் என்ற ஷூட்டிங் கேமைத் தவிர எதுவும் ஓடுவதில்லை என்பது வேறு கதை. கார்டு இல்லாமல் ப்ராசஸரோடு வரும் ஆன்போர்டு கிராஃபிக்ஸிலேயே இழுத்துக்கொண்டிருக்கிறோம், கேமில் நான்கு பேர் ஒரே இடத்தில் ஸ்மோக் (புகை குண்டு) போட்டால் படம் நின்று நின்று வருகிறது. ஜிடிஏ 5 ஆட வேண்டும் என்று எனக்கும் ஆசை.

கையில் 12,000 இருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. இப்போது கண்ணில் பட்டவை:

ஆர்எக்ஸ் 580 8 ஜிபி, செகண்ட் ஹேண்ட், மூலக்கடையில் ஒருவர் 6,500 கேட்கிறார். மைனிங்கே (கிரிப்டோ காயினுக்காகக் கார்டை இரவு பகலாக ஓட்டுவது) செய்யாத கார்டு என்று சத்தியம் செய்கிறார். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, இதையும் ஒரு கடையில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். ஜிடிஎக்ஸ் 1650 பழையது, பெரம்பூரில் ஒருவர் 6,000 சொல்கிறார். அப்புறம் ஆன்லைனில் 1050 டிஐ 4 ஜிபி "புத்தம் புதுசு" என்று 4,000க்கும் கீழே வருகிறது, அது எப்படி என்றே புரியவில்லை.

8 ஜிபி என்பதால் 580 பக்கம்தான் மனசு போகிறது. சொல்லுங்கள் அண்ணன்மாரே.

லோகோ ஒர்க்ஸ்

கார்டைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் கேபினட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் (கரெண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். எத்தனை வாட் என்று பாருங்கள், 6 பின் அல்லது 8 பின் ஒயர் ஏதாவது தனியாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். ஆபீஸ் மெஷினில் இதுதான் கார்டை முடிவு செய்யும், நீங்களோ நானோ இல்லை.

580 கார்டு 185 வாட் தின்னும். போர்டில் கார்டு சொருகும் ஸ்லாட்டிலிருந்து அதிகபட்சம் 75 வாட்தான் வரும், மீதிக்கு 8 பின் வேண்டும். உங்கள் ப்ராசஸர் 65 வாட். இரண்டையும் கூட்டினாலே 250, இன்னும் எஸ்எஸ்டி, ஃபேன், போர்டு என்று எதையும் சேர்க்கவில்லை.

6500 எக்ஸ்டியை இந்த மெஷினுக்கு யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கார்டும் போர்டும் டேட்டா பரிமாறும் வழி பிசிஐஇ, அதில் நான்கே லேன் (பாதை) உள்ள கார்டு அது. பிசிஐஇ 4.0 போர்டில் சமாளித்துவிடும், உங்கள் 6500 ப்ராசஸர் 3.0, அதனால் வழி பாதியாகக் குறுகிவிடும். கார்டில் இருக்கும் 4 ஜிபி நிரம்பும் வரை ஒன்றும் தெரியாது, நிரம்பியதும் டெக்ஸ்சர் (கேமில் பொருட்கள் மேல் ஒட்டும் படங்கள்) எல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் வந்து போக வேண்டும், கேம் திக்கும். வீடியோவைச் சுருக்கி அனுப்பும் என்கோடரும் அதில் கிடையாது, தம்பி ஸ்ட்ரீம் செய்கிறேன் என்று கிளம்பினால் ப்ராசஸர் தலையில்தான் விழும். 6 பின்னும் கேட்கும். புதுசு என்ற ஒரே காரணத்துக்காக அதை வாங்க வேண்டாம்.

அந்த 4,000 ரூபாய் 1050 டிஐ வேண்டவே வேண்டாம். பழைய 400, 500 சீரிஸ் சிப்பில் பயாஸை (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை புரோகிராம்) மாற்றி எழுதி 1050 டிஐ என்று காட்டும் வேலை ரொம்ப நாளாக நடக்கிறது. உண்மையான 1050 டிஐ சிப்பில் அனலாக் அவுட்புட்டே கிடையாது, ஃபோட்டோவில் நீலக் கலர் விஜிஏ போர்ட் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைப் போட்டால் பெயருக்கு முன்னால் ஃபேக் என்றே காட்டும். அது அசலாகவே இருந்தாலும் 1050 டிஐ, 1060 எல்லாம் உள்ள பாஸ்கல் தலைமுறைக்குப் புது கேம் டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, இனி செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான்.

கொளத்தூர் கேம்பேட்

மைனிங் என்றாலே எல்லோரும் பேயைப் பார்த்த மாதிரி ஓடுவது எனக்குப் பிடிக்கவில்லை. எத்திரியம் என்ற கிரிப்டோ காயின் 2022 செப்டம்பர் 15 அன்றே மைனிங்கை நிறுத்திவிட்டது. அன்றைக்கு இறக்கிய கார்டு இத்தனை வருஷம் ஓடி இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால் சிப் நல்ல சிப் என்றுதான் அர்த்தம். மைனிங் செய்தவர்களில் விவரம் தெரிந்தவர்கள் வோல்டேஜைக் குறைத்து ஒரே சூட்டில் ஓட்டினார்கள், கேம் ஆடுகிறவனைப் போல் ஏற்றி இறக்கிக் கொல்லவில்லை. தேய்வது ஃபேன், அடி வாங்குவது மெமரி. இரண்டையும் சோதித்துப் பார்க்க முடியும்.

580யில் எனக்கு வேறு பிரச்சினை. ஒன்று, 2048 எஸ்பி என்று ஒரு ரகம் உண்டு, முதலில் சீன மார்க்கெட்டுக்கு விட்டது. பெயர் 580, உள்ளே 570. அசலில் ஷேடர் (சிப்புக்குள் இருக்கும் குட்டி கோர்கள்) 2304 இருக்க வேண்டும், ஜிபியு-இசட்டில் 2048 என்று காட்டினால் அந்த விலை கொடுக்காதீர்கள். இரண்டு, அது 2017இல் வந்த கார்டு, 2023 கடைசியிலேயே அதன் கம்பெனியான ஏஎம்டி அந்தத் தலைமுறையைத் தனி டிரைவர் பாதையில் ஒதுக்கிவிட்டது. பழைய கேமுக்குக் குறை இல்லை. புதுசு ஆட நினைத்தால் கஷ்டம்.

என் யோசனை: எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிட்டு 1660 சூப்பர் பழையது தேடுங்கள். 6 ஜிபி, 125 வாட், 8 பின் ஒன்று போதும். 1080பியில் அதுதான் ஆள்.

காசிமேடு சோல்டரிங்

நான் போர்டு சர்வீஸ் செய்கிறவன், கார்டு நிறைய கைக்கு வரும். இங்கே யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். வடசென்னையில் பழைய கார்டு வாங்கும்போது மைனிங் ஓடியதா என்று கேட்பதைவிட, கார்டு எந்த வீட்டில் இருந்தது என்று கேட்பதுதான் முக்கியம்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் கடலை ஒட்டிய வீடுகளில் ஜன்னல் பக்கம் வைத்த மெஷினைத் திறந்தால் ஹீட்சிங்க் தகட்டில் கருவாட்டில் உப்பு பூத்த மாதிரி வெள்ளைப் பொடி இருக்கும். அலுமினியம் அரித்தால் வெள்ளை, செம்புக் குழாய் அரித்தால் பச்சை. பின்பக்கத் தகட்டிலும் எச்டிஎம்ஐ வாயிலும் துரு. வெளியே தெரிவது இவ்வளவு என்றால் உள்ளே மெமரி சிப் ஓரத்தில் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். பகலில் ஈரக்காற்று, மெஷின் ஆஃப், சாயங்காலம் ஆன் செய்ததும் சூடு, இப்படியே வருஷக்கணக்கில் போகும்போது உப்பும் தூசும் சேர்ந்து கால்களுக்கு நடுவே ஒட்டிக்கொள்ளும். மைனிங் கார்டைக் கழுவி, சிப் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றினால் நன்றாக ஓடும். உப்பு தின்ற கார்டை எவ்வளவு கழுவினாலும் இன்றைக்கு ஓடும், மழைக்காலத்தில் திரும்ப வரும்.

இரண்டாவது, ஹாட் ஏர் அடித்த கார்டு. டிஸ்பிளே போன கார்டின் சிப் மேல் சூடான காற்றை அடித்தால் சில நேரம் உயிர் வரும், சில வாரம் ஓடும், அதற்குள் விற்றுவிடுவார்கள். சிப்பைச் சுற்றி ஃப்ளக்ஸ் (சோல்டரிங்கில் தடவும் பசை) கறை மஞ்சளாகத் தெரிகிறதா, பேக்பிளேட் இல்லாவிட்டால் சிப்புக்கு நேர் பின்னால் போர்டு நிறம் மங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். திருகாணி தலை மழுங்கியிருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள், எதற்கு என்று கேளுங்கள். பேஸ்ட் மாற்றத்தான் என்பார்கள், உண்மையாகவும் இருக்கலாம்.

விற்கிறவர் வீட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே மெஷின் ஓடிக்கொண்டிருந்தால், அணைத்து ஆறவிட்டு மறுபடி ஆன் செய்யச் சொல்லுங்கள். ஹாட் ஏர் கார்டுகள் அங்கேதான் மாட்டும், ஆறியதும் டிஸ்பிளே வராது. அப்புறம் கார்டை முழு பாரத்தில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் ஒரு கால் மணி நேரம், ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் பாருங்கள். ஃபர்மார்க்கில் மெமரி கோளாறு சரியாகப் பிடிபடாது, ஓசிசிடி என்ற சாஃப்ட்வேரில் விராம் (கார்டின் மெமரி) டெஸ்ட் தனியாக இருக்கிறது, அதையும் ஓட்டிவிட்டு ஏதாவது ஒரு கேமையும் போடுங்கள். "கரெண்ட் இல்லை, கடையில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

ஜீவா ஸ்டேஷன்

திறந்து பார்த்துவிட்டேன். 240 வாட். 6 பின், 8 பின் எதுவும் இல்லை. போர்டுக்குப் போகும் ஒயரும் சாதாரண 24 பின் மாதிரி தெரியவில்லை. கடையில் கேட்டேன், இரண்டு சாட்டா ஒயரைச் சேர்த்து 8 பின் ஆக்கும் கன்வெர்ட்டர் 150 ரூபாய்க்கு இருக்கிறது, 580 தாராளமாக ஓடும் என்கிறார்கள். உண்மையா?

லோகோ ஒர்க்ஸ்

அந்தக் கன்வெர்ட்டரை வாங்கி வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஒரு சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தமே 54 வாட். 8 பின் என்பது 150 வாட் கேட்கும் வாய். பிளாஸ்டிக் உருகும், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் தீயும் பிடிக்கும். இரண்டு சாட்டாவைச் சேர்த்தாலும் கணக்கு எட்டாது, அவை இரண்டும் பெரும்பாலும் ஒரே ஒயரில் கோத்துத்தான் வரும்.

டெல்லில் பின் வேறு. சாதாரண எஸ்எம்பிஎஸ் போட வேண்டும் என்றால் 24 பின்னிலிருந்து டெல் பின்னுக்கு மாற்றும் ஒயர் தனியாக வேண்டும், அதுவும் மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் மாடல் நம்பரைச் சொல்லி, முடிந்தால் பழைய ஒயரை ஃபோட்டோ எடுத்துக் காட்டி வாங்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் அந்தக் கேபினட்டில் உட்காருமா என்பதும் அளந்து பார்க்க வேண்டிய விஷயம். கொளத்தூர் சொல்லும் வழி தப்பில்லை, ஆனால் நல்ல எஸ்எம்பிஎஸ், ஒயர், பழைய 1660 சூப்பர் எல்லாம் சேர்ந்து 12,000ஐத் தாண்டிவிடும். மட்டமான எஸ்எம்பிஎஸ் போட்டு மிச்சம் பிடிப்பது மட்டும் கூடாது. நம் பக்கம் கோடையில் சாயங்காலம் லைட்டே மங்கி மங்கி எரிகிறது, அந்த வோல்டேஜில் அது முதலில் போகும், போகும்போது கார்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

அதனால் ஸ்லாட் கரெண்டிலேயே ஓடும் கார்டு. இரண்டுதான் எனக்குத் தோன்றுகிறது. 1650, 75 வாட், 4 ஜிபி. இல்லையென்றால் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, 2024இல் வந்தது, 70 வாட், பின் தேவையில்லை, டிஎல்எஸ்எஸ் (சின்னப் படத்தைப் பெரிதாக்கி கேமை வேகமாக ஓட்டும் வசதி) உண்டு. ஆனால் உங்கள் காசுக்குப் புதிதாகக் கிடைக்காது. 3050 என்ற பெயரிலேயே 8 ஜிபி ஒன்றும் உண்டு, அது 130 வாட், பெயரைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள்.

கொளத்தூர் கேம்பேட்

4 ஜிபி கார்டை இந்தக் காலத்தில் சிபாரிசு செய்ய எனக்கு மனசே வரவில்லை. ரே ட்ரேசிங் (ஒளி, நிழலை நிஜம் போல் கணக்கிடுவது) கட்டாயம் என்று வரும் கேம்கள் 1650யில் திறக்கவே திறக்காது (580யிலும்தான்). நாலு மாதம் பொறுத்து 3050 6 ஜிபி எடுக்கட்டும் என்பேன்.

ஆனால் வாலரன்ட், ஜிடிஏ 5 பழைய பதிப்பு, இவ்வளவுதான் என்றால் சரி, 1650 தாங்கும். வாலரன்ட் கார்டைவிட ப்ராசஸரைத்தான் அதிகம் கேட்கும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு அதற்கு மேல் போனாலும் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை.

மிச்சக் காசில் இன்னொரு 8 ஜிபி ராம் ஸ்டிக் போடுங்கள், பழையதே போதும், புது ராம் விலை இப்போது தொட முடியாத இடத்தில் இருக்கிறது. ஒரே ஸ்டிக்கில் ஓட்டுவது அந்த நாலு கோர் ப்ராசஸரை இன்னும் கட்டிப்போடும். விண்டோஸ் 11க்கு மாற்றலாமா என்று கேட்பீர்கள், உங்கள் ப்ராசஸர் அதன் பட்டியலிலேயே இல்லை. குறுக்கு வழியில் ஏற்றினாலும் வாலரன்ட் அங்கே டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்டு நிற்கும்.

ஜீவா ஸ்டேஷன்

580 ஆசையை விட்டாச்சு. தம்பிதான் "8 ஜிபி, 8 ஜிபி" என்று புலம்பிக்கொண்டிருக்கிறான். பெரம்பூர் 1650க்கு பேசியிருக்கிறேன், 5,500க்கு இறங்கி வந்தார், சனிக்கிழமை வரச் சொன்னார். பேனா டிரைவில் ஜிபியு-இசட், ஃபர்மார்க், ஓசிசிடி ஏற்றிவிட்டேன். அவர் வீடு ஜமாலியா பக்கம், கடல் காத்து பயம் இல்லை என்று நினைக்கிறேன். பில் இருக்கிறதாம், வாரண்டி முடிந்துவிட்டது.

காசிமேடு சோல்டரிங்

வாரண்டி முடிந்தாலும் பில்லை வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி, பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் கார்டில் ஒட்டியிருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் உதவும்.

லோகோ ஒர்க்ஸ்

கிளம்புவதற்கு முன் அந்த 1650யின் மேல் ஓரத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 1650யிலேயே 6 பின் வாய் உள்ள மாடல்கள் நிறைய உண்டு, கம்பெனியிலேயே வேகம் கூட்டி விட்டவை, ஜிடிடிஆர்6 மெமரி வந்ததும் பல அப்படித்தான். 1650 சூப்பர் என்றால் கண்டிப்பாக 6 பின் கேட்கும், அது 100 வாட். வாய் இருந்தால் உங்கள் டெல்லில் ஓடாது, போகவே வேண்டாம். இரண்டு ஃபேன் வைத்த நீள மாடலாக இருந்தால் ஹார்ட் டிஸ்க் கூண்டில் இடிக்கிறதா என்று டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். ராமை அன்றைக்கே ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்த்துவிடுங்கள், சென்ட்ரலில் இருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டாப் கவர்ன்மென்ட் எஸ்டேட், இறங்கி நடந்துவிடலாம். ஞாயிறு போனால் பாதிக் கடை ஷட்டர் இறங்கித்தான் இருக்கும்.