கொண்டைக்கடலை சுண்டல் சாப்பிட்டால் வயிறு உப்புசம்: எங்கே தப்பு?

மாடித்தோட்டம்:
கறுப்புக் கொண்டைக்கடலையை 4 மணி நேரம் ஊறவைத்து, சத்து போய்விடக் கூடாதென்று ஊறின தண்ணீரிலேயே குக்கரில் 5 விசில். பெருங்காயம், இஞ்சி எல்லாம் உண்டு. மாலை 6 மணிக்குச் சாப்பிட்டால் ராத்திரி 11 மணிக்கு வயிறு கல் மாதிரி. அசிடிட்டி மாத்திரையும் கேட்கவில்லை. கடலையையே விட்டுவிட வேண்டியதுதானா?

பருப்புமத்து:
விட வேண்டாம். அந்த ஊறின தண்ணீர்தான் கோளாறு. கடலையில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது. பெருங்குடலுக்கு அப்படியே போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள பாக்டீரியா புளிக்கவைத்து வாயுவாக்கிவிடும். அவ்வளவு தூரம் போகச் சில மணி நேரம் ஆவதால்தான் 6 மணிச் சுண்டல் 11 மணிக்கு வேலையைக் காட்டுகிறது. மாத்திரை குறைப்பது இரைப்பை அமிலத்தை. இந்த வாயுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரையும். 1 கப் கடலைக்கு 4 கப் தண்ணீர் விட்டு 10-12 மணி நேரம் ஊறவிடுங்கள், நடுவில் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். ஒரு கடலையைப் பிளந்து பாருங்கள்: உள்ளே வெளுத்து, கடக்கென்று இருந்தால் இன்னும் ஊறவில்லை. பிறகு கழுவி, புதுத் தண்ணீரில், இரு விரலால் நசுக்கினால் மசியும் வரை வேகவிடுங்கள். பி வைட்டமின் கொஞ்சம் போகும். புரதம் பெரும்பாலும் கடலையிலேயே நிற்கும். சமையல் சோடா வேண்டாம், தயமின் (பி1 வைட்டமின்) அழிந்துவிடும். முதல் வாரம் கால் கப்புக்கு மேல் போகாதீர்கள், குடல் பழகட்டும்.

சீரகத்தண்ணி:
கடலையோடு நிறுத்தாமல் நேரத்தையும் குறித்து வையுங்கள். பால், பாயசம் குடித்து அரை மணியிலிருந்து 2 மணிக்குள் வயிறு இரைந்தால் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகிக்கலாம். 2 வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள்; நன்கு புளித்த தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். சாப்பிட்ட உடனே ஏப்பமாக வந்தால் பெரும்பாலும் விழுங்கின காற்று: அவசரச் சாப்பாடு, சோடா, சூயிங்கம். வெங்காயம், பூண்டிலுள்ள ஃப்ரக்டானும் கடலைச் சர்க்கரை மாதிரியே செரிக்காமல் போய் வாயுவாகும்; ஆனால் அது எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால் வாசனை மட்டும் தங்கும்.

வெள்ளைக்கோட்டு:
சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரையாலேயே உப்புசம் வரலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் வாயு குறையாது. காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை இருந்தால் கைவைத்தியத்தில் நாள் கடத்தவே கூடாது. 50 வயது தாண்டிய பெண்களுக்குப் புதிதாக வந்த உப்புசம் வாரக்கணக்கில் நீடித்தால் சினைப்பையையும் பரிசோதிக்க வேண்டும். இதை வெறும் கேஸ் என்று தள்ளிவிடாதீர்கள்.

மாடித்தோட்டம்:
நன்றி. கடலை வெந்த தண்ணீரை ரசத்துக்கு எடுக்கலாமா?

பருப்புமத்து:
இப்போதைக்கு வேண்டாம். மிச்சச் சர்க்கரை அதில்தான் இறங்கியிருக்கும். ரசத்துக்குத் துவரம்பருப்பைத் தனியாக வேகவையுங்கள்.