1968 மஸ்டாங்: 8 இன்ச் ஹவுசிங்குக்கு பதில் 9 இன்ச்

கேள்வி: 1968 ஃபோர்டு மஸ்டாங், 302 கன அங்குல இன்ஜின், 8 இன்ச் பின் ஆக்ஸில் ஹவுசிங் (இன்ச் கணக்கு உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் விட்டம்). கிடைத்திருப்பது 1972 மஸ்டாங்கின் 9 இன்ச் ஹவுசிங். அப்படியே உட்காருமா? டிரைவ் ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டு) வெட்டணுமா?

பதில் 1: முதலில் ஃபிளாஞ்சுக்கு ஃபிளாஞ்ச் (இரு முனையிலும் சக்கரம் மாட்டும் தட்டு) அளந்து பாருங்க. 1967–70 வண்டிக்கு சுமார் 59¼ அங்குலம், 1971–73க்கு 61¼. பக்கத்துக்கு ஒரு அங்குலம் சக்கரம் வெளியே வரும், அகல டயர் போட்டால் ஃபெண்டர் விளிம்பில் உரசும். ஹவுசிங்கைக் குறுக்கி, ஆக்ஸிலையும் அதற்கேற்ப மாற்றுவதுதான் சரி. 9 இன்ச்சின் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் சின்ன பல்சக்கரம்) முன்னால் நீண்டிருப்பதால் ஷாஃப்டைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் ஹவுசிங் ஏறி, வண்டி எடை சக்கரத்தில் நிற்கும்போது அளந்த பிறகுதான் வெட்டணும். ஸ்லிப் யோக் (கியர்பாக்ஸுக்குள் சறுக்கும் ஷாஃப்டின் முன்முனை) முழுக்க உள்ளே முட்டாமல் முக்கால் அங்குலமாவது இடம் விடுங்க.

பதில் 2: ஸ்பிரிங் பேடை (ஹவுசிங் இலை ஸ்பிரிங்கில் உட்காரும் தட்டு) நேராக முழு வெல்டிங் அடிச்சிடாதீங்க. பொட்டு வெல்டிங் மட்டும் வைத்து, வண்டியை இறக்கி, பினியன் கோணம் பார்த்து, பிறகு முடிங்க. அதுவும் ஒரு அங்குலம் இந்தப் பக்கம், ஒரு அங்குலம் அந்தப் பக்கம், நடுவே ஆறவிட்டு. ஒரே மூச்சில் அடித்தால் ஹவுசிங் குழாய் வளையும், பேரிங்கும் சீலும் சீக்கிரம் போகும்.

பதில் 3: ஹவுசிங்கை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீங்க, இழுபட்டிருக்கும். பிரீதர் (ஹவுசிங்கின் காற்றுத் துளை) அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகப் பிரேக்குக்குள் கசியும், அதையும் பாருங்க.