பிறழ்சூடு: 'ஆக்சிடென்டல் டிஸ்சார்ஜ்' என்பதற்கு என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம், குன்னூரிலிருந்து எழுதுகிறேன்.

பிராக்டிகல் ஷூட்டிங் (இடம் மாறி மாறி இலக்குகளைச் சுடும் துப்பாக்கிப் போட்டி) விதிகளுக்கான நம் தமிழ்ச் சொல்பட்டியலில் 'ஆக்சிடென்டல் டிஸ்சார்ஜ்', அதாவது கிளம்பக் கூடாத விதத்தில் குண்டு கிளம்புவது, இன்னும் முடிவாகவில்லை. தற்செயல் வெடிப்பு, விபத்துச் சூடு, கோத்தகிரி ஆசிரியை அம்மா சொன்ன கவனக்குறைவுச் சூடு என்று மூன்று வந்திருக்கின்றன. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. சுட்டவர் மனதில் என்ன இருந்தது என்று மூன்றுமே தேடுகின்றன. விதி அந்தப் பக்கமே போவதில்லை.

இந்தப் போட்டிகளின் சர்வதேச அமைப்பான ஐ.பி.எஸ்.சி.யின் விதிப்புத்தகத்தில் பத்தாம் அத்தியாயம், நான்காம் பிரிவைப் பாருங்கள். இலக்குக்குப் பின்னால் குண்டைத் தடுக்க வைத்திருக்கும் மண்மேட்டைத் தாண்டிப் போன குண்டு (இலக்கை முறையாகச் சுட்டு, அதன்பின் ஆபத்தான திசையில் போன குண்டுக்கு விலக்கு உண்டு). சுடுபவரிலிருந்து 3 மீட்டருக்குள் தரையில் பட்ட குண்டு (அதைவிடக் கிட்டத்தில் உள்ள காகித இலக்கைச் சுட்டால் விலக்கு உண்டு). தோட்டா நிரப்பும்போதோ இறக்கும்போதோ, சிக்கிக்கொண்ட துப்பாக்கியைச் சரிசெய்யும்போதோ, கைமாற்றும்போதோ, இலக்கைச் சுடாமல் இடம் மாறும்போதோ கிளம்பிய குண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே தண்டனை: சுட்டவர் போட்டியிலிருந்து வெளியேற்றப்படுவார். ஒருவர் தொலைவில் உள்ள இலக்கைச் சுட வேண்டும் என்றே விசையை அழுத்தி, குண்டு அந்த 3 மீட்டருக்குள் தரையில் பட்டுவிட்டாலும் அதே பெயர்தான். அதில் தற்செயல் எங்கே இருக்கிறது? இன்னொரு பக்கம், துப்பாக்கி இலக்கை நோக்கி இருக்கும்போது விரல் முந்திக்கொண்டு, குண்டு தள்ளிப்போய் மண்மேட்டில் புதைந்தால் அது குறி தவறியது, அவ்வளவுதான். ஆட்டம் தொடரும்.

நடுவர் பார்ப்பது விரல், குழல்முனை, மண் தெறித்த இடம். நம் மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மேட்டுக்கு அந்தப் பக்கம் அடுத்த சரிவு, அங்கே கொழுந்து பறிக்கும் ஆட்கள். மேட்டைத் தாண்டிய குண்டு எந்த எண்ணத்தில் சுடப்பட்டது என்பது அவர்களுக்கு எந்த வித்தியாசமும் செய்யாது.

அதனால் பிறழ்சூடு என்கிறேன். நெறி பிறழ்ந்த சூடு. அழுத்தியவரின் நோக்கத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இங்கே ஓய்வுபெற்ற ராணுவத்தினர் பேச்சில் "கைதவறி ரவுண்டு போயிடுச்சு" என்பார்கள். கைதவறு சூடு என்று வைக்க எனக்கும் ஆசைதான், ஆனால் கிட்டத்தில் தரையில் பட்ட குண்டில் சில நேரம் கை தவறுவதே இல்லை.

'வெடிப்பு' ஏன் கூடாது என்று அருவங்காட்டு நண்பர் கேட்டிருந்தார். அந்தச் சொல் வேறொன்றுக்கு வேண்டும், ஐயா. தோட்டாவை வெளியே எடுக்கும்போதோ, அது கீழே விழுந்தோ, துப்பாக்கியின் ஊசி அடிக்காமலே தோட்டா வெடிப்பதுண்டு. குண்டு குழல் வழியாகப் போகாது. விதிப்படி குழலை முழுதாகக் கடந்தால்தான் அது சூடு. ஆகவே ஊசி அடிக்காமல் வெடிப்பதற்குத் தோட்டா வெடிப்பு என்று வைப்போம். அதற்காக யாரையும் வெளியேற்றுவதில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் தமிழில் படிக்கும் நடுவர் குற்றமில்லாதவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எனக்கு இதுதான் பெரிய கவலை.

அடுத்து, 'டிஸ்குவாலிஃபிகேஷன்'. தகுதி நீக்கம் என்றால் தேர்தல் வழக்கு போல, நாளைக்கும் ஒட்டிக்கொண்டு வருமோ என்று தோன்றுகிறது. இங்கே அந்தப் போட்டியோடு சரி: மிச்சச் சுற்றுகளைச் சுட முடியாது, எடுத்த புள்ளிகளும் போய்விடும். போட்டி நீக்கம் போதும். மேல்முறையீடு உண்டு, ஆனால் விதிவிலக்கான சூழ்நிலை இருந்ததா என்பதற்கு மட்டும். மீறலைக் கண்ணால் பார்த்தேன் என்று நடுவர் சொன்னதை மறுத்து வாதாட முடியாது. இவ்வளவு கனமான தீர்ப்பு ஒரு மனிதரின் கண்ணை நம்பி நிற்கும்போது, அவர் சொல்லும் சொல் அவர் கண்டதை மட்டுமே சொல்ல வேண்டும்.

அப்புறம், குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும் 'ஸ்குவிப்' தோட்டாவுக்கு நமுத்த தோட்டா என்று யாரோ எழுதியிருந்தீர்கள். ஊட்டிக் குளிரில் வாழ்கிறவர்களுக்கு இனிக்கிற சொல்தான். ஆனால் மருந்தே போடாமல் விட்ட தோட்டாவும் அப்படி நிற்கும், அது நமுத்ததல்ல. வலுவற்ற தோட்டா என்று வைக்கலாமா? ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் நான்கு சொற்களையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.