மறிக்கட்டும், ஆனா ஏன் மறிச்சது எண்டு எழுதித் தரட்டும்

நிலாவெளி றோட்டான்
போன செவ்வாய் இரவு வேலை முடிஞ்சு மோட்டார் சைக்கிள்ல வரேக்க பொலிஸ் மறிச்சது. அடையாள அட்டை, லைசன்ஸ் எல்லாம் குடுத்தன். பிறகு பையைக் கொட்டச் சொன்னாங்க. மகளுக்கு வாங்கின கொம்பாசுப் பெட்டி தார் றோட்டில விழுந்து, கவராயத்தின்ர முனை வளைஞ்சிட்டுது. ஏன் எண்டு கேட்டா "சும்மா செக்கிங்" எண்டாங்க. அரை மணித்தியாலம் போச்சு. முறைப்பாடு செய்யப் போனா யார், எத்தனை மணிக்கு, எதுக்கு மறிச்சது எண்டு நான் எதைக் காட்டுறது? பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாத்திற நேரம், சோதிச்சா காரணம் எழுதின துண்டு ஒண்டு கையில தரவேணும் எண்டதையும் சட்டமாக்க வேணும் எண்டு மனு ஒண்டு எழுதப்போறன், கையெழுத்து வைப்பீங்களா?

கிண்ணியா பாலத்தடி
அண்ணன், உங்கட கோபம் நியாயம். ஆனா எங்கட தெருவில 17 வயசுப் பொடியன் ஐஸ் போதைக்காக உம்மாட காப்பைக் கழட்டி வித்திட்டான். பாலத்தில நிண்டு மறிச்சாத்தான் சாமான் பிடிபடும். ஒவ்வொருத்தருக்கும் எழுதிக்கொண்டு நிண்டா கடத்துறவன் தப்பிப் போயிடுவான். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு முதல் ஒழுங்காச் சோதிச்சிருந்தா அவ்வளவு சனம் செத்திருக்காது.

அலஸ்தோட்டம் அக்கா
தம்பி, ஈஸ்டர் விசயத்தில அதிகாரம் குறைஞ்சிருக்கேல்ல. முன்கூட்டியே தகவல் கிடைச்சும் கடமை தவறினாங்க எண்டு 2023 ஜனவரியில உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லி, முன்னாள் ஜனாதிபதியையும் நட்டஈடு கட்டச் சொன்னது. பிடியாணை இல்லாமக் கைது செய்யவும் மறிச்சுச் சோதிக்கவும் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்ர 6ஆம் பிரிவு அப்பவும் இருந்தது. தற்காலிகம் எண்டு வந்த சட்டம், 1982இல நிரந்தரமாச்சு. 2022 திருத்தம் தடுப்புக் காவலை 18 மாதத்தில இருந்து 12 ஆக்கினது. றோட்டில நிக்கிற சனத்துக்கு அதால என்ன?

இங்கிலாந்திலயும் சந்தேகமே இல்லாம மறிக்கப் பயங்கரவாதச் சட்டத்தில 44ஆம் பிரிவு எண்டு ஒண்டு இருந்தது. 2009-10இல ஒரு லட்சத்துக்கு மேல மறிச்சும் பயங்கரவாதக் குற்றத்துக்கு ஒரு கைதும் இல்லை. 2010இல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தனிப்பட்ட வாழ்க்கைக்கான உரிமையை மீறுது எண்டது, 2012இல பிரிவையே நீக்கினாங்க. அங்க சோதனைக்குப் பதிவும் உண்டு, கேட்டா பிரதியும் தருவாங்க.

கிண்ணியா பாலத்தடி
அக்கா, லண்டனை விடுங்க. இங்க துண்டைச் சிங்களத்தில எழுதித் தந்தா எங்கட உம்மா என்னத்த வாசிக்கிறது?

நிலாவெளி றோட்டான்
நல்ல கேள்வி, நான் இதை யோசிக்கேல்ல. மூண்டு மொழியிலயும் அச்சடிச்ச படிவம் வேணும், காரணத்துக்கு நேரே ஒரு கோடு இழுத்தாப் போதும். தமிழும் அரசகரும மொழி எண்டு 1987இலயே அரசியலமைப்பில போட்டாச்சு. அடிப்படை உரிமை வழக்குப் போட எங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு மாதம். கையில துண்டு இல்லாம அந்த மாதத்தில என்னத்தை நிரூபிக்கிறது?

2006 ஜனவரி 2, எங்கட திருகோணமலைக் கடற்கரையில அஞ்சு மாணவரைச் சுட்டுக் கொன்றாங்க. 2019இல சாட்சியம் போதாதெண்டு சந்தேகநபர் 13 பேரையும் விட்டாச்சு. அதுக்குப் பிறகு, பதிவில்லாத எதையும் நம்பி நிக்க என்னால ஏலாது.

கிண்ணியா பாலத்தடி
சரி அண்ணன். துண்டில பொலிஸ்காரர்ர இலக்கமும் இருக்க வேணும், பொம்பிளையளைப் பொம்பிளைப் பொலிஸ்தான் சோதிக்க வேணும். மனுவை அப்பிடி எழுதினா நான் கையெழுத்து வைக்கிறன். ஆனா பாலத்துச் செக்கிங்கை எடுக்கச் சொல்லி ஒரு வரி இருந்தாலும் வைக்கமாட்டன்.