புதுப்பிப்பு: பழைய போன்களில் திறக்காத பதிவுப் படிவம் சரியானது

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் நிலையத்துக்கு ரியாக்ட்டில் (ஜாவாஸ்கிரிப்ட்டால் பக்கம் கட்டும் கருவி) நான் செய்த பதிவுப் பக்கம், பெற்றோரின் பழைய போன்களில் வெறும் வெள்ளையாகவே நிற்கிறது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சரிவந்தது, "முதலில் சாதாரண எச்டிஎம்எல் படிவம், ஜாவாஸ்கிரிப்ட் அதற்கு மேல்தான்" என்ற யோசனை. அதாவது, உலாவியில் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட் வேலை செய்யாவிட்டாலும் படிவம் திறக்கும். ஐந்து திரைகளை ஒரே பக்கமாக்கினேன். திகதிக்கு உலாவியே தரும் பெட்டியை வைத்தேன். இப்போது அந்தப் போன்களிலும் உடனே திறக்கிறது.

எதிர்பாராதது: ரிஃப்ரெஷ் செய்தவர்களின் பதிவு இரண்டு முறை விழுந்தது. சேமித்தவுடன் 303 (உலாவியை வேறு பக்கத்துக்குப் போகச் சொல்லும் சர்வர் பதில்) மூலம் வேறு பக்கத்துக்கு அனுப்பியதும் நின்றது.

பெரிய பாடு அடையாள அட்டை எண்தான். எண் விசைப்பலகை வரட்டும் என்று பெட்டியின் இன்புட்மோட் அமைப்பை நியூமெரிக் (எண் மட்டும்) ஆக்கியிருந்தேன். புதிய அட்டையில் 12 இலக்கம், சரி. பழையதில் 9 இலக்கத்துக்குப் பிறகு வி அல்லது எக்ஸ் வருமே! அந்த எழுத்தைத் தட்ட வழியில்லாமல் ஒரு அம்மா நேரில் வந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. அன்றைக்கே சாதாரண டெக்ஸ்ட் பெட்டியாக மாற்றினேன்.

வகுப்பு நேரங்கள் மோதுவதைக் காட்டும் இடத்தில் மட்டும் ஜாவாஸ்கிரிப்ட்டை விட்டிருக்கிறேன். அங்கே அது உண்மையாகவே உதவுகிறது.