மறு: ‘ஃபால் கலர்’ தமிழில் என்ன?

வணக்கம். டொராண்டோவில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒளிப்பட வகுப்பு எடுக்கிறேன். அடுத்த வாரம் அல்கோன்குவின் பூங்காவுக்குப் போகிறோம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மேப்பிள் இலைகள் நிறம் மாறி நிற்பதை ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது? ‘இலையுதிர் கால வண்ணங்கள்’ தலைப்புக்குச் சரி, வரிக்கு வரி எழுத முடியவில்லை.

---

கூதிர்வண்ணம். ஆறு பருவம் நமக்கு இருக்க, ‘இலையுதிர் காலம்’ என்ற மொழிபெயர்ப்பைக் கட்டி அழுவானேன்? கூதிர், கூதல், குளிர் எல்லாம் ஒரே வேர் என்பது என் கட்சி. விரிவாக எழுதட்டுமா?

---

வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை வந்துவிடும். கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகை. அங்கே சர்க்கரை மேப்பிள் சிவப்பது செப்டம்பர் கடைசியில், அதாவது புரட்டாசியில். நம் கணக்குப்படி அது கார்! எங்கள் ஊரில் ‘பழுத்த இலை’ என்போம். ‘இலைப்பழுப்பு’ போதாதா?

---

பழுப்பு என்றால் இன்றைய பிள்ளைகள் மண்நிறத்தைத்தான் நினைப்பார்கள். அப்புறம், மஞ்சள் தரும் கரோட்டினாய்டு கோடையிலேயே இலைக்குள் இருக்கிறது. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு தரும் ஆந்தோசயனின் பெரும்பாலும் அப்போதுதான் புதிதாக உண்டாகிறது. இரண்டையும் பழுத்தல் என்று எப்படிச் சொல்வது? ‘இலைநிறம்’ என்று விடுங்கள்.

---

தக்காளியிலும் பழுக்கும்போதுதான் சிவப்பு உண்டாகிறது. அதைப் பழுத்தது என்று சொல்வதில்லையா? ‘இலைநிறம்’ என்றால் பச்சையும்தானே!

---

இலைநிறத்துக்கு என் வாக்கும். தூங்கப் போகிறேன்.

---

சரி, இலைநிறம். இன்னொன்று: ஈர இலையின் மினுக்கத்தைக் குறைக்க லென்ஸின் முன் போலரைசர் என்ற வடிகட்டியை மாட்டச் சொல்கிறேன். ‘தளவிளைவாக்கி’ என்று எழுதலாமா?

---

அது தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு. யாழ்ப்பாணத்தில் நாங்கள் முனைவாக்கம் என்றுதான் படித்தோம். உங்கள் வகுப்புப் பெற்றோரிலும் எங்கட ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

---

தம்பி, போலரைசர் என்றே எழுதுங்கள், கடையில் அப்படித்தான் கேட்க வேண்டும். ‘மினுக்கம் அடங்கும் வரை வளையத்தைத் திருப்பு’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கேமரா நிறத்தைச் சமன்செய்யும் வெண்சமனை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விட்டால் இலையின் சூடான நிறம் மங்கிப்போகலாம், அதை எழுதினீர்களா?

---

எழுதியாயிற்று அக்கா. இலைநிறம், போலரைசர் இரண்டோடும் அச்சுக்கு அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

---

கனடாவில் குளிர் முந்தி வந்தால் கூதிரும் முந்தி வந்துவிட்டுப் போகட்டுமே. மாதமா முக்கியம்? என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். வேர் பற்றி நாளை தனி இழையில் எழுதுகிறேன்.